பாதியில் நின்ற கப்பல்

கிளிவெட்டியில் கடல் இல்லை. வயலும் வாய்க்காலும்தான். அந்த ஊரில் ஓர் ஓடாவியாரின் வீட்டுப் பரணில் பதினான்கு வருடங்களாக ஒரு பாய்க்கப்பல் கிடந்தது. 2019 ஆம் ஆண்டு எங்கள் வீட்டு யன்னலுக்குச் சட்டம் செய்விப்பதற்காக மூதூரிலிருந்து அவரிடம் போயிருந்தேன். அளவுகளைக் குறித்துக்கொண்ட பிறகு, என் மாமாவின் பேரைச் சொல்லி, "நீங்கள் அவருடைய மருமகள்தானே?" என்று கேட்டார். ஆம் என்றேன். ஏணியை வைத்து மேலே ஏறி, சாக்கால் சுற்றிய நீண்ட பெட்டி ஒன்றை இறக்கினார். "இது உங்கட சாமான் மகள். குடுக்கவேணும் குடுக்கவேணும் என்று நினைச்சுக்கொண்டே இருந்திட்டன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மாமா வணிகக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். 2003 இல் லீவில் வந்தபோது, ஜெனோவாத் துறைமுகத்தில் வாங்கியதென்று இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். நான் அப்போது ஐந்தாம் தரம். அஸருக்குப் பிறகு விறாந்தையில் பாயை விரித்துக்கொண்டு, மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக ஒட்டுவார். கிட்டப் போனால், "மூச்சு விடாத, பறந்திடும்" என்பார். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்தது. அலுமாரியின் மேல் இருந்ததால் பெட்டி நனையவில்லை. ஆனால் வீட்டுச் சுவரின் ஈரம் மாதக்கணக்கில் காயவில்லை. கப்பலுக்குத் திரும்புமுன் மாமா பெட்டியைக் கிளிவெட்டியில் இருந்த தன் கூட்டாளியான ஓடாவியாரிடம் வைத்துவிட்டுப் போனார். 2006 ஆகஸ்டில் நாங்கள் மூதூரை விட்டுக் கந்தளாய்க்குப் போனோம். திரும்பி வந்தபோது தேடுவதற்கு வேறு எத்தனையோ இருந்தன. 2011 இல் மாமா வெளிநாட்டிலேயே மவுத்தானார். கப்பலைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

பெட்டியை மூதூருக்குக் கொண்டுவந்து உம்மாவின் முன்னால் திறந்தேன். ஏறக்குறைய 67 சென்றிமீற்றர் நீளமான உடல். அதன் ஒரு பக்கம் மூடியிருந்தது, மறுபக்கம் எலும்புக்கூடு. மேலிருந்து பார்த்தால் வாழைப்பழம்போல் இடப்பக்கம் வளைந்திருந்தது.

இப்படிப்பட்ட மரக் கப்பல் பெட்டிகள் எப்படி அமைந்தவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் கப்பல் இருக்காது. கப்பலுக்கான மரமும் படமும்தான் இருக்கும். நடுவில் நீளமாக ஓடும் பலகை ஏரா. உண்மைக் கப்பலில் கடலின் அடியைப் பார்த்தபடி இருக்கும் முதுகெலும்பு அது. அதன் மேல் குறுக்குக் குறுக்காக வங்குகளைப் பூட்டவேண்டும். வங்கு என்றால் விலா எலும்பு. இந்தக் கூட்டின் மேல், 5 மில்லிமீற்றர் அகலமும் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள கீற்றுகளை வளைத்து ஒட்டி உடலை மூடுவார்கள். சில பெட்டிகளில் அதற்கு மேல் இன்னும் மெல்லிய இரண்டாவது தோலும் உண்டு. எங்களுடையது அந்த வகை. பிறகு தட்டு, பீரங்கி, பாய்மரம், பருமல், கயிறு. பருமல் என்பது பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பு.

எல்லாம் ஓர் அளவுக்குள் அடங்கும். எங்கள் பெட்டியில் 93 இல் ஒன்று என்று போட்டிருந்தது. அதாவது உண்மைக் கப்பலில் 93 அடி, இங்கே ஓர் அடி. 165 சென்றிமீற்றர் உயரமான ஒருவர் இந்தத் தட்டில் நின்றால் அவருடைய உயரம் 18 மில்லிமீற்றர்கூட வராது. ஒரு பொருள் தொலைந்துபோய் அதை நாமே செய்ய வேண்டி வந்தால் இந்தக் கணக்குத்தான் கைகொடுக்கும்.

இவற்றை வாங்குபவர்களில் பலர் முடிப்பதில்லை. அவர்கள் நிறுத்துகிற இடமும் பெரும்பாலும் ஒன்றுதான். வங்கு பூட்டும்வரை வேலை ஓடும், நாளுக்கு நாள் கப்பல் வளர்வது கண்ணுக்குத் தெரியும். பலகை ஒட்டத் தொடங்கியதும் ஒரு மாலைக்கு இரண்டு கீற்று, மூன்று கீற்று என்று சுருங்கும். அணியத்தில், அதாவது முன்முனையில், கீற்று வளைய மறுக்கும். அங்கேதான் பெட்டி மூடப்படுகிறது.

பாதியில் நின்ற ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் செய்யவேண்டியது, பசைப் போத்தலைத் தூரமாக வைப்பது. நான் இரண்டு வாரம் எதையும் ஒட்டவில்லை. உடலை நாலு பக்கமும், மேலும் கீழும் படம் பிடித்தேன். பெட்டியில் இருந்த பொருட்களைச் சிறிய கிண்ணங்களில் பிரித்து, பட்டியலோடு ஒப்பிட்டேன். ஏழு பீரங்கிகளைக் காணவில்லை, நூல் உருண்டைகள் மக்கியிருந்தன, பாய்மரத்துக்கான நீண்ட தடிகளில் மூன்று வளைந்திருந்தன, வரைபடத்தின் ஒரு மடிப்புக் கிழிந்திருந்தது. மரத்தில் ஊசித்துளை உண்டா, தட்டினால் மாவு கொட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். பூச்சி உயிரோடு இருந்தால் அது பெட்டியோடு நிற்காது, வீட்டு அலுமாரிக்கும் போகும். எங்கள் பெட்டியில் பூச்சி இல்லை. அடுப்புப் புகை ஏறும் பரணில் வைத்ததால்தான் தப்பியது என்பது ஓடாவியாரின் கருத்து. தூசியை மென்மையான தூரிகையால் தட்டி, சற்றே ஈரமான துணியால் துடைத்தால் போதும். தண்ணீரில் கழுவும் யோசனை யாருக்கும் வரவேண்டாம்.

வரைபடத்தை விரித்தபோதுதான் கப்பலின் பெயரைப் பார்த்தேன். கான்ஸ்டிட்யூஷன். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கட்டப்பட்டு 1797 அக்டோபர் 21 இல் தண்ணீரில் இறங்கிய போர்க்கப்பல். இன்றும் அதே ஊரில் மிதந்துகொண்டிருக்கிறது. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நினைத்தபடி வாசிக்கத் தொடங்கினேன். தொடர்பு இருந்தது. நம் துறைமுகத்தின் பெயரிலேயே இருந்தது.

1812 இல் இங்கிலாந்து பிரான்சுடன் நீண்ட போரில் இருந்தது. கப்பல் கட்டும் ஓக் மரத்துக்கு அங்கே தட்டுப்பாடு. ஆகவே சில போர்க்கப்பல்களை இந்தியத் தேக்கில், பம்பாயில் கட்டுவிக்கத் தீர்மானித்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு வைத்த பெயர் டிரிங்கோமலி. நம் திருகோணமலைதான். அதற்கான வரைபடங்களைச் சுமந்துகொண்டு ஜாவா என்ற கப்பல் பம்பாயை நோக்கிப் புறப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 29 இல் பிரேசில் கரைக்கு அப்பால் அதை மறித்து அடித்து நொறுக்கியது வேறு எதுவும் அல்ல, என் மாமா விறாந்தையில் ஒட்டிக்கொண்டிருந்த இதே கான்ஸ்டிட்யூஷன். சண்டையில் கான்ஸ்டிட்யூஷனின் சுக்கான் சக்கரம் குண்டடியில் சிதறிப்போனது. தோற்ற ஜாவாவின் சக்கரத்தைக் கழற்றித் தனக்குப் பூட்டிக்கொண்டு அது ஊர் திரும்பியது. ஜாவாவைத் தீ வைத்து அழித்தார்கள். வரைபடங்களும் போயின. லண்டனிலிருந்து இன்னொரு பிரதி அனுப்ப வேண்டியதாயிற்று.

பம்பாயில் அந்தக் கப்பலைக் கட்டியவர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா. தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய பார்சிக் குடும்பத்தின் தலைமை ஓடாவி. 1816 இல் ஏரா போட்டபோது அவர் ஒரு வெள்ளி ஆணியை அதில் அறைந்தார். 1817 அக்டோபர் 12 இல் கப்பல் தண்ணீரில் இறங்கியது. ஆனால் 1819 இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது. பாய் கழற்றி, மூடி, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒதுக்கி வைத்தார்கள். பரணில் வைத்ததைப் போலத்தான். பிறகு 1847 முதல் பத்து ஆண்டுகள் அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் ஓடியது. அதன் பின் பயிற்சிக் கப்பல். 1897 இல் உடைத்து விற்பதற்கென்று கொடுக்கப்பட்டது. அதைக் கண்ட ஜோர்ஜ் வீட்லி கொப் என்பவர் வாங்கிப் பழுது பார்த்து, ஃபூட்ரொயான் என்று வேறு பெயர் வைத்தார். அந்த அந்நியப் பெயரில் 1986 வரை எத்தனையோ இளைஞர்களுக்குக் கடல் பழக்கியது. 1987 இல் ஒரு தெப்பக் கப்பலில் ஏற்றி, இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோனார்கள். 1990 இலிருந்து 2001 வரை திருத்த வேலை நடந்தது. நடுவில், 1992 இல், அதன் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. முன்முனையில் தலைப்பாகை கட்டிய ஒரு மனிதரின் உருவம் இருக்கிறது. இன்றும் மிதக்கும் போர்க்கப்பல்களில் வயதில் முதலாவது கான்ஸ்டிட்யூஷன், இரண்டாவது டிரிங்கோமலி. ஒன்று மற்றதன் வரைபடத்தை அழித்தது, ஆனாலும் இரண்டும் இருக்கின்றன.

இதை உம்மாவுக்குச் சொன்னேன். "அப்ப அந்தக் கப்பலுக்கு அத்தனை வருசம் எடுத்து வேலை செஞ்சிரிக்காங்க. நீ ரெண்டு மாசத்தில முடிக்கப் போறியா?" என்றார். கேள்வி சரியானதுதான்.

வளைவுக்கு வருவோம். இடப்பக்கம் வளைந்த ஏராவை நிமிர்த்தவேண்டும் என்றால் அந்தப் பக்கப் பலகைகளைக் கழற்றவேண்டும். அதைச் சொன்னதும் உம்மா பெட்டியின் மூடியைப் போட்டுவிட்டார். "அவன்ட கை பட்ட சாமான். புடுங்காத." எனக்கும் மனம் வரவில்லை. வளைந்தபடியே இரண்டாவது தோலைப் போட்டு மூடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மூடலாம். ஆனால் வளைந்த ஏராவின் மேல் பாய்மரங்கள் ஒரே கோட்டில் நிற்காது, கயிறு ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளரும். அடியில் விட்ட பிழையை மேலே மறைக்க முடியாத பொருட்களில் கப்பலும் ஒன்று.

முடிவெடுக்காமல் சில நாட்கள் உடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மேலே இருந்து ஆறாவது கீற்றுவரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஒவ்வொரு கீற்றும் அணியத்தை நோக்கிப் போகப்போகச் சீவி ஒடுக்கப்பட்டிருந்தது. தைத்த துணிபோல் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தது. ஏழாவதிலிருந்து இடப்பக்கத்தில் மட்டும் கீற்றுகள் தொடர்ந்தன. அவை ஒடுக்கப்படவில்லை. முழு அகலத்தோடு ஓடி, அணியத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பசையோடு சின்ன இரும்பு ஆணிகளும் அடித்திருந்தது. ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. முதல் ஆறு கீற்றில் ஓர் ஆணிகூட இல்லை. இது ஒரு கை செய்த வேலை அல்ல.

யன்னல் சட்டம் எடுக்கப் போன நாளில் ஓடாவி ஐயாவிடம் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அது மாமா செய்ததில்லை பிள்ளை. நான் செய்தது. நீங்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போன பிறகு, அவர் வரேக்க முடிச்சுக் குடுப்பம் என்று நினைச்சன். எனக்கு வள்ளம் கட்டத் தெரியும். இது வள்ளம் மாதிரி இல்லை. பிழைச்சுப்போச்சு. பிழைச்சதை எப்பிடிக் கொண்டுவந்து குடுக்கிறது?"

பதினான்கு வருடம் பெட்டி பரணிலேயே இருந்ததற்குக் காரணம் இதுதான். நாங்கள் மறந்துவிட்டோம், அவர் வெட்கப்பட்டார்.

அவருடைய பிழை எங்கே என்று விளங்கிக்கொள்வது நமக்கும் பயன்படும். வள்ளத்துப் பலகை தடிப்பானது. அதற்கு ஆணி வேண்டும், அது தன் அகலத்தோடு போகும். ஏராவும் கனத்த மரம், ஒரு பக்கத்தை மட்டும் முடித்தாலும் அசையாது. ஒன்றரை மில்லிமீற்றர்க் கீற்று அப்படியல்ல. நனைத்து வளைத்து ஒட்டிய கீற்று காயும்போது சுருங்கும். பத்துப் பதினைந்து கீற்று ஒரே பக்கம் சுருங்கினால் மெல்லிய ஏராவை அந்தப் பக்கமே இழுத்துவிடும். இதனால்தான் இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று என்று மாறி மாறி ஒட்டச் சொல்வார்கள். மாமா அப்படித்தான் செய்திருந்தார்.

உம்மாவிடம் வந்து விஷயத்தைச் சொன்னேன். மாமாவின் ஆறு சோடிக் கீற்றும் அப்படியே இருக்கும், கழற்றுவது மற்றதை மட்டும் என்றேன். உம்மா கேட்டது இதுதான்: "அவர்ட்டக் கேட்டியா? அவர்ட கையும்தானே பட்டிரிக்கி." மறுவாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளிவெட்டிக்குப் போனேன். உம்மாவும் கூட வந்தார். கழற்றியது ஓடாவி ஐயாதான்.

கழற்றும் முறை இது. தச்சு வேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசை காய்ந்தால் மெல்லிய பிளாஸ்ரிக் படலமாகிவிடும். அதைத் தண்ணீரும் சூடும் இளக்கும். ஆனால் தண்ணீர் மரத்தை ஊதச் செய்யும். ஐசோபுரோபைல் அல்ககோல் அதைவிட நல்லது. பசை பிடிப்பை விடும், மரம் விரைவில் காயும். பஞ்சை அதில் தோய்த்து மூட்டின் மேல் வைத்து, மேலே பொலித்தீன் துண்டால் மூடி, கால்மணி நேரம் பொறுக்கவேண்டும். பிறகு மெல்லிய தட்டைக் கத்தியை இடையில் விட்டு, நெம்பாமல், அசைத்து அசைத்துப் பிரிக்கவேண்டும். வராவிட்டால் இன்னொரு தடவை பஞ்சு. அவசரப்பட்டால் வங்கு முறியும். உடனடிப் பசை என்கிறோமே, ஒரு நொடியில் விரலை ஒட்டுவது, அதற்கு அல்ககோல் வேலை செய்யாது, அசிட்டோன் வேண்டும். நகப்பூச்சு அகற்றும் பல திரவங்களில் இருப்பது அதுதான். இரண்டும் தீப்பற்றும் பொருட்கள். யன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தூரமாக, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் மாணவிகள் இதைச் செய்யவேண்டும்.

கீற்றுகள் போனதும் ஏரா பாதி தானே நிமிர்ந்தது. மீதி நாலு மில்லிமீற்றர் இருந்தது. நேரான தடித்த பலகை ஒன்றில் ஏராவை வைத்து, இலேசாக ஈரப்படுத்தி, இரு பக்கமும் கட்டை கொடுத்து இறுக்கிப் பத்து நாள் விட்டோம். அவிழ்ப்பதற்கு முன், வங்குகளின் இடைவெளிகளில் சரியான அளவுக்கு மரத்துண்டுகளை வெட்டி ஒட்டினார் ஐயா. இனி அது வளையாது. இந்தத் துண்டுகள் வரைபடத்தில் இல்லை. மூடிய பிறகு யார் கண்ணிலும் படாது.

இனி ஒட்டுவது. கணக்குப் பாடத்தை வெறுப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கப்பலின் நடு வங்கில், மாமாவின் கடைசிக் கீற்றிலிருந்து ஏராவரை ஒரு கடதாசி நாடாவை வைத்து அளந்தேன். 75 மில்லிமீற்றர். கீற்றின் அகலம் 5. ஆகவே 15 கீற்று வேண்டும். அணியத்து வங்கில் அதே தூரம் 45 மில்லிமீற்றர்தான். அதே 15 கீற்றும் அங்கேயும் போய்ச் சேரவேண்டுமே. 45 ஐ 15 ஆல் பிரித்தால் 3. ஆகவே ஒவ்வொரு கீற்றும் நடுவில் 5 மில்லிமீற்றராக இருந்து அணியத்தில் 3 ஆக ஒடுங்கவேண்டும். பாதிக்குக் கீழே, அதாவது இரண்டரைக்குக் கீழே ஒடுக்கக்கூடாது, கீற்று பிளந்துவிடும். அப்படி ஒரு நிலை வந்தால் கீற்றின் எண்ணிக்கையைக் குறைத்து, இரண்டு கீற்றை ஒன்றாக்கி முடிக்கவேண்டும். கப்பலின் பின்பக்கம் எதிர்மாறு. அங்கே தூரம் 82 மில்லிமீற்றர், கீற்றுப் போதாது. நடுவில் ஆப்புப்போல் கூரான துண்டுகளைச் செருகவேண்டும். பாவாடைக்குக் கீழே விரிவு வரத் துண்டு வைத்துத் தைப்பதில்லையா, அதேதான். உம்மா இதை என்னைவிட விரைவில் பிடித்துக்கொண்டார்.

சீவிய கீற்றை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, இஸ்திரிப் பெட்டியின் முனையில் வைத்து மெல்ல வளைக்கலாம். முதலில் பசையில்லாமல் உடலில் பொருத்தி, உடுப்புக் கிளிப்பால் பிடித்துக் காயவிட்டு, அதன் பிறகே ஒட்டவேண்டும். இது என் அனுபவம். ஈரத்தோடு ஒட்டிய முதல் இரண்டு கீற்றும் காய்ந்ததும் நடுவில் மயிரிழை இடைவெளி விட்டன. அவற்றைத் திரும்பவும் கழற்றினேன். வாரத்துக்கு இரண்டு சோடி. வலத்தில் ஒன்று, இடத்தில் ஒன்று.

தொலைந்த பொருட்களுக்குப் புதிதாக எதையும் வாங்கவில்லை. வாங்க இங்கே கடையும் இல்லை. கயிறு ஓடும் சின்னக் கட்டைகளை முதிரைத் துண்டில் செதுக்கினோம். நம் மாவட்டத்துக் காட்டு மரம். நார் நெருக்கமானது, 4 மில்லிமீற்றர்த் துண்டில் துளை போட்டாலும் வெடிக்காது. வளைந்த பாய்மரத் தடிகளுக்குப் பதிலாக, கதவு செய்த மிச்சத் தேக்கில் நேரான நார் உள்ள துண்டு எடுத்தார் ஐயா. பாய்மரத்தை யாரும் நேரே உருண்டையாகச் சீவுவதில்லை. முதலில் சதுரம். சதுரத்தின் நாலு மூலையையும் சீவி எட்டுப் பக்கம். எட்டைப் பதினாறாக்கி, கடைசியில்தான் சாண்ட் பேப்பர். வள்ளத்துக் கொம்பும் இப்படித்தான், நூறு அடிப் பாய்மரமும் இப்படித்தான். தேக்கில் ஒரு தொல்லை உண்டு. அதன் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டுமுன் அல்ககோலால் துடைக்கவேண்டும். அந்த எண்ணெய்தான் டிரிங்கோமலியின் மரத்தை இருநூறு ஆண்டுகளாகக் காத்தது என்று நினைத்தால் கோபம் வராது.

பாய்மரம் சீவிக்கொண்டிருந்த நாளில் ஐயா கொட்டியாரக் குடாவின் பழைய கதையை எடுத்தார். 1659 நவம்பரில் ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் மசூலிப்பட்டினத்தில் புயலில் அகப்பட்டுத் தன் பெரிய பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் வைக்கத்தான் அது நம் குடாவுக்கு வந்தது. அந்தக் கப்பலின் தலைவனும் அவனுடைய மகன் ரொபேர்ட் நொக்ஸும் 1660 இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். மகன் தப்பிப் போனது 1679 இல். பிறகு அவன் எழுதிய புத்தகத்தால் நம் நாட்டைப் பற்றி உலகம் அறிந்தது. எல்லாம் ஒரு பாய்மரத்துக்காக வந்த வினை. "ஒரு ஓடாவியைக் கேட்டிருந்தால் ரெண்டு நாளில சீவிக் குடுத்திருப்பான்" என்றார் ஐயா. அவருக்கு இதில் உண்மையாகவே வருத்தம்போல் இருந்தது.

நம் கரையோர ஓடாவிமாரின் கையைக் குறைவாக நினைக்கவேண்டாம். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்க மாலுமி வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் வாங்கினார். அது பெயர் மாறி, கடல்கள் கடந்து, 1938 இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. கான்ஸ்டிட்யூஷன் மிதக்கும் பொஸ்டனும் அதே மாநிலம்தான்.

இப்போது கயிற்று வேலையில் நிற்கிறோம். பாய்மரத்தை அசையாமல் பிடிக்கும் கயிறுகள் கறுப்பு, ஏனென்றால் உண்மையில் அவற்றுக்குத் தார் பூசுவார்கள். பாயையும் பருமலையும் இழுக்கும் கயிறுகள் மரநிறம். தையல்கடை நூலில் பஞ்சு நூலாகப் பார்த்து வாங்கி, தேன்மெழுகில் இரண்டு தரம் இழுத்தால் பஞ்சு படியும், ஈரமும் ஏறாது. மாலுமிகள் ஏறும் கயிற்றேணிதான் பெரிய வேலை. உண்மைக் கப்பலில் படிக்குப் படி ஏறக்குறைய 38 சென்றிமீற்றர். 93 ஆல் பிரித்தால் 4 மில்லிமீற்றர். நிற்கும் கயிறு ஒவ்வொன்றிலும் நூலை இரண்டு சுற்றுச் சுற்றித் தன் அடியிலேயே செருகி முடியவேண்டும். ஆறு கயிறு, முப்பது படி என்றால் ஒரு பக்கத்துக்கு 180 முடிச்சு. இறுக்கினால் கயிறுகள் உள்ளே இழுபட்டு ஏணி இடுப்பொடுங்கிவிடும், தளர்த்தினால் படி தொங்கும். கோடு போட்ட கடதாசியைப் பின்னால் வைத்துக்கொண்டால் படி கோணாது.

ஐயாவின் விரல்கள் இதற்குப் பெரிது. நான் முடிந்ததை உம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, நாற்பது முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். இப்போது அவரே முடிகிறார். பெரிய பாய்மரத்தின் வலப்பக்கம் முடிந்துவிட்டது. இன்னும் ஐந்து ஏணி இருக்கின்றன. ஆறாவது கீற்றுக்கும் ஏழாவது கீற்றுக்கும் இடையில் இருந்த கோடு இரண்டாவது தோலுக்குக் கீழே போய்விட்டது. அதை மூடுவதற்கு முதல் நாள் ஐயா வங்கு ஒன்றின் உட்புறத்தில் பென்சிலால் இரண்டு பேர் எழுதினார். மாமாவின் பேர் முதலில், தன் பேர் கீழே.